பெட் ஸ்கேன் என்றாலே கேன்சரா? தன்னெதிர்ப்பு அழற்சி நோய்களில் அணு மருத்துவ ஸ்கேன்: முழுமையான வழிகாட்டி

மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்களைப் பார்க்கும் வாதநோய் மருத்துவர் (ருமட்டாலஜிஸ்ட்) "ஒரு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று சொன்னதும் கூட வந்தவர்களின் முகம் வாடிவிடும். "அப்போ கேன்சரா டாக்டர்?" என்பதுதான் அடுத்த கேள்வி. கேட்பதில் தப்பில்லை, இந்த ஸ்கேன் அதிகம் எடுக்கப்படுவது கேன்சருக்குத்தான். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் திசுக்களையே தாக்குகிற நோய்கள் சிலவற்றில், மற்ற பரிசோதனைகள் கோட்டைவிட்டதை இது காட்டிக்கொடுத்துவிடும்.

மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல். எடை இறங்கிக்கொண்டே போகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளில் இ.எஸ்.ஆர் நூறைத் தொடுகிறது, சி.ஆர்.பி-யும் ஏறிக் கிடக்கிறது. எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட் எல்லாம் நார்மல். ரத்தப் பரிசோதனை "உள்ளே அழற்சி இருக்கிறது" என்பதோடு நின்றுவிடும். எங்கே என்று சொல்ல அதற்கு வழியில்லை. அந்த "எங்கே"வுக்காகத்தான் ஸ்கேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. கீழே வரும் படிகள் எல்லாமே இதிலிருந்து கிளைத்தவை.

நோயாளிகளையும் துணைக்கு வருபவர்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ எதுவானாலும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படத்தில் ஒளிர்வது என்ன?

சிடி ஸ்கேன் உறுப்புகளின் உருவத்தைப் படம் பிடிக்கிறது. சுவர் தடித்தால், கட்டி வந்தால், குழாய் சுருங்கினால் அதில் தெரியும். பெட் என்பது அணு மருத்துவ ஸ்கேன், அதாவது சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுப்பது; அது வேறு வகை. செல்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை அது பார்க்கிறது.

இதற்குப் பயன்படும் ஊசி மருந்தின் பெயர் ஃபுளூரோடிஆக்சிகுளுக்கோஸ், சுருக்கமாக எஃப்.டி.ஜி. குளுக்கோஸைப் போன்ற மூலக்கூறு ஒன்றில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தியிருப்பார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். அதற்குப் பிறகு அதை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. அங்கேயே மாட்டிக்கொண்டு கதிரை வீசிக்கொண்டிருக்கும். எந்தச் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகமோ அது படத்தில் பிரகாசமாகத் தெரியும். கேன்சர் செல்களுக்கு அந்தப் பசி உண்டு என்பது பலருக்கும் தெரியும். கிளர்ந்தெழுந்த எதிர்ப்புச் சக்திச் செல்களான மேக்ரோபேஜ், நியூட்ரோபில், லிம்போசைட் செல்களுக்கும் அதே பசி உண்டு என்பதுதான் நமக்கு வேண்டிய சங்கதி.

1976-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு எஃப்.டி.ஜி செலுத்தியபோது பார்க்க நினைத்தது மூளையை. பிறகு கேன்சர் மருத்துவம் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. அழற்சி உள்ள இடமும் சேர்ந்து ஒளிர்வது அவர்களுக்குப் பெரிய தலைவலி. "பொய் பாசிட்டிவ்" என்று அதை ஒதுக்கி வைத்தார்கள். அந்தத் தலைவலியே வாதநோய் மருத்துவருக்கு ஒரு கருவியாகிவிட்டது.

படி 1: ஸ்கேனுக்கு முன் கேள்வியை எழுதுங்கள்

"எதற்கும் ஒரு பெட் எடுத்துப் பார்ப்போம்" என்று எடுக்கும் ஸ்கேன்கள் பெரும்பாலும் குழப்பத்தில்தான் முடியும். உடம்பு முழுவதும் தேடினால் ஏதாவது ஓர் இடத்தில் ஏதாவது ஒளிரும். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு பரிசோதனை. அதனால் மருத்துவர் எழுதும் ஸ்கேன் சீட்டில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். மகாதமனியில் (இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மை ரத்தக்குழாயில்) அழற்சி உண்டா? நோய் எத்தனை உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது? எந்த நிணநீர்க்கணுவிலிருந்து திசு எடுத்தால் விடை கிடைக்கும்? மருந்துக்குப் பிறகும் வரும் இந்த வலி நோயின் பாக்கியா, அது விட்டுச்சென்ற தழும்பா?

இந்த ஸ்கேன் உண்மையாகவே கைகொடுக்கும் நோய்களில் முதலிடம் பெரிய ரத்தக்குழாய்களின் அழற்சிக்கு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸும், இளம்பெண்களை அதிகம் தாக்கும் தகாயாசு ஆர்ட்டரைட்டிஸும் இந்த வகை. முதல் நோய்க்கு 2022-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளில், மகாதமனி நெடுக எஃப்.டி.ஜி ஒளிர்ந்தால் அதற்குத் தனி மதிப்பெண்ணே உண்டு. அடுத்து சார்க்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிச் செல்கள் சிறு முடிச்சுகளாகத் திரளும் நோய்), அதிலும் இதயத்தைத் தொட்ட சார்க்காய்டோசிஸ். கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, வயிற்றின் பின்சுவர் என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் முளைக்கும் ஐஜிஜி4 நோய். தோளும் இடுப்பும் காலையில் இறுகிப்போகும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா. காரணம் பிடிபடாத நீண்ட காய்ச்சல். தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்த பெரியவர்களில் அதன் பின்னால் கேன்சர் ஒளிந்திருக்கிறதா என்று தேடவும் இதே ஸ்கேன் உதவும்.

உதவாத இடங்களும் உண்டு. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயில் சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று இதில் பார்க்க முடியாது. ஊசி மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அந்த இடம் எப்போதும் பிரகாசமாகத்தான் இருக்கும்; அங்கே சிறுநீர்ப் பரிசோதனையும் பயாப்சியும்தான் பேசும். மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஸ்கேனின் கண்ணுக்கு எட்டாது. மூளை சர்க்கரையை வாங்கிக் குவிக்கும் உறுப்பு, ஆகவே அங்கே சிறு அழற்சி மறைந்துபோகும், எம்ஆர்ஐதான் சரி. விரல் மூட்டு வாதத்துக்கு ஒரு நல்ல அல்ட்ராசவுண்ட் போதும். பெருங்குடல் அழற்சிக்குக் குடல் உள்நோக்கிக்கு ஈடு எதுவும் இல்லை.

படி 2: எந்த ஸ்கேன்?

அணு மருத்துவம் என்றால் பெட் மட்டும் இல்லை, ஆனால் அழற்சி நோய்களில் இன்று பெரும்பங்கு வேலையை எஃப்.டி.ஜி பெட்-சிடி செய்துவிடுகிறது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன் பழையது, எளிதில் கிடைப்பது. எந்தெந்த மூட்டுகளில் எலும்பு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும். தேய்மானமும் அழற்சியும் அதில் ஒன்றுபோலத் தெரியும் என்பது அதன் பலவீனம். நோயாளியின் வெள்ளணுக்களையே ரத்தத்திலிருந்து பிரித்து, கதிரியக்க முத்திரை குத்தி, திரும்பச் செலுத்தும் ஸ்கேன் ஒன்று உண்டு. செயற்கை மூட்டில் அல்லது ஒட்டுப்போட்ட ரத்தக்குழாயில் கிருமித்தொற்றா என்ற சந்தேகம் வரும்போது அது பயன்படும். காலியம்-67 ஸ்கேன் சார்க்காய்டோசிஸில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. கண்ணீர்ச் சுரப்பியும் கன்னத்துச் சுரப்பியும் சேர்ந்து ஒளிரும்போது முகம் பாண்டா கரடி போல இருப்பதாகச் சொல்வார்கள். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 78 மணி. ஊசி போட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் படம் எடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் மங்கலான படத்துக்கும் பெட் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

புதிதாக வருவது எஃப்.ஏ.பி.ஐ என்ற வகை. அழற்சிச் செல்களை விட்டுவிட்டு, திசுவைத் தழும்பாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை இது அடையாளம் காட்டுகிறது. ஐஜிஜி4 நோயிலும் நுரையீரல் தழும்பிலும் "எரிவது எது, இறுகுவது எது" என்று பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து முயன்று வருகிறார்கள். வழக்கமான சிகிச்சையில் இது எஃப்.டி.ஜி-யின் இடத்தைப் பிடிக்கவில்லை.

படி 3: ஸ்டீராய்டுக்கு முன்பா, பின்பா?

அதிகம் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு அழற்சியை அணைக்கும். அணைந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் படத்தில் ஒன்றும் இருக்காது. "பெட் நார்மல், ஆகவே அந்த நோய் இல்லை" என்று யாராவது முடிவு கட்டினால் மருந்து நிற்கும், நோய் திரும்பும். ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸில் உயர் அளவு ஸ்டீராய்டு தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்தால் பெரிய குழாய்களின் அழற்சி இன்னும் தெரிகிறது. பத்து நாள் ஆகிவிட்டால் பலருக்கு மறைந்துவிடுகிறது. இதுபோக, ஸ்டீராய்டு கல்லீரலின் அப்டேக்கையும் (ஊசி மருந்தை இழுத்துக்கொள்ளும் அளவையும்) கூட்டலாம். ஒப்பிடும் அளவுகோலே கல்லீரல்தான் என்பதால் குழாய்ச் சுவர் மேலும் மங்கலாகத் தோன்றும்.

அதற்காக ஸ்கேன் தேதி கிடைக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போடலாமா? கூடவே கூடாது. 50-க்கு மேற்பட்ட ஒருவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடையில் வலி, ஒரு கண்ணில் திடீரென்று திரை விழுந்தது போன்ற மங்கல் என்றால் அது ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸாக இருக்கலாம், அன்றே ஸ்டீராய்டு போட்டாக வேண்டும். போன பார்வை பெரும்பாலும் திரும்ப வராது. ஸ்கேன் கெட்டாலும் பரவாயில்லை, கண் கெடக் கூடாது. முதல் மாத்திரை போட்ட அன்றே ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்து, மூன்று நாளுக்குள் நேரம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கண்ணுக்கு ஆபத்து இல்லாத நிலைமை, உதாரணமாக காரணம் தெரியாத காய்ச்சல் மட்டும் என்றால், மருத்துவர் ஸ்கேனையும் பயாப்சியையும் முடித்துவிட்டு மருந்து தொடங்க நினைப்பார். அவசரப்பட்டு வேறெங்காவது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் படிப்பவருக்கு உங்கள் முழு ஃபைலைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவும்.

படி 4: தயாரிப்பு

அடிப்படை விதி ஒன்றுதான்: ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் தாழ்ந்திருக்க வேண்டும். சர்க்கரை அதிகம் இருந்தால் அது எஃப்.டி.ஜி-யோடு போட்டி போடும். இன்சுலின் அதிகம் இருந்தால் மருந்து முழுவதையும் தசைகள் இழுத்துக்கொள்ளும், தேடுகிற இடத்துக்கு மிஞ்சாது.

ஆகவே 6 மணி நேரமாவது வெறும் வயிறு. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை போட்ட இருமல் மருந்து, மிட்டாய், குளுக்கோஸ் டிரிப் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். வார்டிலிருந்து வரும் நோயாளிக்கு டிரிப் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்காமல் விடுவது உண்டு. ஸ்கேனுக்கு முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், தசை ஒளிரும். குளிரில் நடுங்கிக்கொண்டு போகாதீர்கள். கழுத்திலும் தோளிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டு நிணநீர்க்கணுவைப் போலவே வேஷம் போடும்.

சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே மையத்தோடு பேச வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அழற்சிக்கு ஐரோப்பிய, அமெரிக்க அணு மருத்துவ அமைப்புகள் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, ஊசியின்போது சர்க்கரை 126 மி.கி.க்குக் கீழே இருப்பதையே விரும்புகிறது. ஸ்டீராய்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில்லை, அதனால் சற்று மேலே இருந்தாலும் மையங்கள் விட்டுக்கொடுத்து எடுப்பதுண்டு. நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. அளவு அதிகம் காட்டுகிறதே என்று வாசலில் நின்று வேக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது. மீட்டரில் எண் இறங்கும், படம் பாழாகும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை குடலை ஒளிரச் செய்யும்; குடல்தான் கேள்வி என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

*இதயத்தைப் பார்க்க வேண்டுமென்றால்* தயாரிப்பே வேறு. இதயத் தசைக்குச் சர்க்கரையும் பிடிக்கும், கொழுப்பும் பிடிக்கும். சாதாரணமாக வயிற்றைக் காயப்போட்டு வந்தாலும் அது கொஞ்சம் சர்க்கரையை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்; அப்போது சார்க்காய்டோசிஸ் எது, இயல்பு எது என்று சொல்ல முடியாது. ஆகவே இதயத்தை முழுக்கக் கொழுப்புக்கு மாற்ற வேண்டும். முந்தின நாள் குறைந்தது இரண்டு வேளை மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு பட்டினி. முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய், வெண்ணெய் சரி. அரிசி, கோதுமை, கிழங்கு, பருப்பு, பழம், பால், சர்க்கரை எதுவும் கூடாது. காபியில் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கெடுத்துவிடும். இந்த உணவு ஒத்துவராதவர்களுக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ பட்டினி என்பது மாற்று வழி. சாப்பிட்டது அத்தனையையும் நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். ஏதாவது தவறிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம். மறைத்து எடுத்த ஸ்கேனால் இல்லாத இதய நோய்க்கு ஸ்டீராய்டு விழுங்க நேரும்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். தாய்ப்பாலில் எஃப்.டி.ஜி மிகக் குறைவாகவே கலக்கும், ஆனால் சில மணி நேரத்துக்குத் தாயின் உடலிலிருந்து கதிர் வெளியேறிக்கொண்டிருக்கும். அதுவரை குழந்தையை அணைத்து வைத்திருக்காமல் இருக்கச் சொல்வார்கள். முன்பே பால் எடுத்து வைத்துவிட்டால், வேறு ஒருவர் புகட்டலாம்.

படி 5: ஸ்கேன் அன்று

விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பார்கள். கை ரத்தநாளத்தில் சிறு ஊசி. மருந்து ஏறும்போது எதுவும் தெரியாது. பிறகு ஒரு மணி நேரமாவது அமைதியான அறையில் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாதான். போனில் பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளை ஒளிரும். சூயிங்கம் மென்றால் தாடைத் தசை ஒளிரும். தலை ரத்தக்குழாய்களைப் பார்க்க வந்தவருக்கு அது அநாவசியக் குழப்பம்.

சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் படுக்க வேண்டும். இயந்திரத்தைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடம். வாதநோய்க்கு எடுக்கும்போது உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரையாவது எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேன்சர் வழக்கப்படி கண்ணுக்குக் கீழே தொடங்கி நடுத்தொடையில் நிறுத்திவிட்டால் நெற்றிப்பொட்டுத் தமனியும் முழங்காலும் தவறிப்போகும். தோளை மேலே தூக்கிப் படுக்க முடியாத அளவு வலி என்றால் முன்பே சொல்லுங்கள், கையைக் கீழே வைத்தும் எடுக்கலாம்.

படி 6: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட் கையில் வந்ததும் கண் போவது எஸ்.யூ.வி என்ற எண்ணுக்கு. "போன தடவை 4.1, இப்போ 4.6, நோய் கூடிவிட்டதா?" என்று கவலைப்படுவார்கள். எஸ்.யூ.வி என்பது ஓர் இடம் இழுத்த மருந்தை, உடல் எடைக்கும் செலுத்திய அளவுக்கும் ஏற்பக் கணக்கிட்ட எண். ஊசிக்கும் படத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம், அன்றைய சர்க்கரை என்ன, எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். வெவ்வேறு மையத்தில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிறிய வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

ரத்தக்குழாய் அழற்சியில் எண்ணைவிடக் கண் பார்வைக்கு மதிப்பு அதிகம். குழாய்ச் சுவரைக் கல்லீரலோடு ஒப்பிடுவார்கள். சுவரில் ஒன்றும் இல்லை என்றால் தரம் 0. கல்லீரலைவிட மங்கல் என்றால் 1. கல்லீரலுக்குச் சமம் என்றால் 2, சந்தேகத்துக்கு இடமுண்டு. கல்லீரலைவிடப் பிரகாசம் என்றால் 3, நோய் விழித்திருக்கிறது.

ஒரு வரியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். "மார்பு மகாதமனி, இரு தோள்பட்டைத் தமனிகள் ஆகியவற்றின் சுவரில் வழவழப்பான, தொடர்ச்சியான, வட்டமான அப்டேக், தரம் 3." இதில் மிக முக்கியமான சொல் "தொடர்ச்சியான" என்பதுதான். ரத்தக்குழாய் அழற்சி சுவர் நெடுகக் கோடு போட்டதுபோல ஓடும். வயதானவர்களின் கொழுப்புப் படிவும் ஒளிரும், ஆனால் திட்டுத்திட்டாக, சுண்ணாம்பு படிந்த இடங்களை ஒட்டி, பெரும்பாலும் வயிற்றுத் தமனியிலும் தொடைத் தமனியிலும். தோள்பட்டைத் தமனிகள் இரண்டும் ஒன்றுபோல ஒளிர்ந்தால் அழற்சியின் பக்கம் தராசு சாயும். தொடையில் மட்டும் தரம் 2 என்றால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன்.

பாலிமயால்ஜியாவுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. தோள் மூட்டையும் இடுப்பு மூட்டையும் சுற்றி, உட்காரும்போது இருக்கையில் அழுந்தும் எலும்பு முனைகளில், முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையில் என்று ஒளிரும். கடைசி இரண்டும் சேர்ந்து இருந்தால் நோயாளி ஏன் நாற்காலியிலிருந்து எழ அவ்வளவு திணறினார் என்பது படத்திலேயே தெரிந்துவிடும். சார்க்காய்டோசிஸில் நுரையீரல் வேர்ப்பகுதியின் நிணநீர்க்கணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமச்சீராக ஒளிரும். இதய ஸ்கேனில் எஃப்.டி.ஜி படத்தோடு ரத்த ஓட்டப் படமும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து எஃப்.டி.ஜி கூடியிருந்தால் அங்கே அழற்சி நடப்பில் இருக்கிறது; ரத்த ஓட்டமும் இல்லை, எஃப்.டி.ஜி-யும் இல்லை என்றால் தழும்பு. இதற்கும் ஓர் எச்சரிக்கை: மாரடைப்பு வந்த இதயத்திலும் இப்படித் தோன்றலாம், ஆகவே இதயத் தமனி அடைப்பு இல்லை என்று முன்பே உறுதி செய்திருக்க வேண்டும்.

படி 7: ஏமாற்றும் ஒளிகள்

காசநோய், லிம்ஃபோமா (நிணநீர்க் கேன்சர்), சார்க்காய்டோசிஸ் மூன்றும் நிணநீர்க்கணுவில் ஒரே மாதிரி ஒளிர்ந்து நிற்கும். படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க எவராலும் முடியாது. இந்த மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதை நினைத்துப் பாருங்கள். சார்க்காய்டோசிஸ் என்று நம்பி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் காட்டுத்தீயாகும். ஆகவே ஒளிரும் இடங்களில் எளிதாகவும் பாதுகாப்பாகவும் எட்டக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திசு எடுக்க வேண்டும். மார்புக்குள் ஆழத்தில் இருக்கும் கணுவைவிட, கழுத்திலோ அக்குளிலோ ஒன்று ஒளிர்ந்தால் நோயாளிக்கு அதிர்ஷ்டம். இந்த ஸ்கேனின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஊசியை எங்கே குத்துவது என்று சொல்வது.

அண்மையில் தடுப்பூசி போட்ட கையின் அக்குள் கணு ஒளிரும். அறுவை சிகிச்சை செய்த இடம் வாரக்கணக்கில் ஒளிரும். வெள்ளணுவைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க வெளிச்சம்தான். செயற்கை ரத்தக்குழாய் பொருத்தியவர்களுக்குத் தொற்று இல்லாமலேயே அந்த இடம் ஆண்டுக்கணக்கில் மெல்லிதாக ஒளிர்வதுண்டு. இதையெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டால் ரிப்போர்ட்டில் ஒரு கேள்விக்குறி குறையும்.

படி 8: மருந்துக்குப் பிறகு மறுபடியும் எடுக்கலாமா?

ஸ்கேன் சுத்தமாகும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று சில குடும்பங்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அவசியமில்லை. பெரிய ரத்தக்குழாய் அழற்சியில் அறிகுறி எதுவும் இல்லாமல் நலமாக இருப்பவர்களை ஸ்கேன் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குழாய்ச் சுவர் அப்போதும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது உறங்கும் நோயா, காயம் ஆறும் வேலையா என்று படம் பிரித்துச் சொல்லாது. காரணத்தைச் சொல்லாத அதே குணம் இங்கேயும் தொடர்கிறது. வலியில்லை, எடை ஏறுகிறது, புதிதாக எந்தக் குழாயும் சுருங்கவில்லை என்றால் படத்துக்காக மட்டும் ஸ்டீராய்டைக் கூட்டுவது நியாயமில்லை.

மறுபடி எடுப்பது பயன்படும் நிலைமைகள் வேறு. நோய் திரும்பிவிட்டதா என்ற உண்மையான சந்தேகம் ஒன்று. டாசிலிசுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்தைப் போட்டுக்கொள்பவர்களின் நிலைமை இன்னொன்று: அந்த மருந்து சி.ஆர்.பி உற்பத்தியையே அடக்கிவிடும், அதனால் ரத்த ரிப்போர்ட் அழகாக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் நோய் நடக்கலாம். அங்கே ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது, படத்தைத்தான் கேட்க வேண்டும். இதய சார்க்காய்டோசிஸில் சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து மீண்டும் எடுத்து, அதைப் பார்த்து மருந்தை முடிவு செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது.

கதிர்வீச்சுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 370 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) எஃப்.டி.ஜி செலுத்தினால் உடலுக்குச் சேர்வது சுமார் 7 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு). கூட எடுக்கும் சிடி-யின் அளவு இதோடு சேரும். அது எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மிகவும் மாறுபடும். இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். புதிய இயந்திரங்கள் குறைந்த மருந்திலேயே படம் எடுக்கின்றன. 70 வயதுக்காரருக்கு ஒரு ஸ்கேன் என்பது கவலைப்பட வேண்டிய விஷயமில்லை. இருபது வயது தகாயாசு நோயாளிக்கு வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவை என்பதால், அவருக்கு எம்ஆர்ஐ-யை முதலில் யோசிக்க வேண்டும். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரின் பரிந்துரையும் அதுவே. ஃபுளூரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம், ஆகவே சுமார் 18 மணி நேரத்தில் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அன்று முழுக்க நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் இன்னும் சீக்கிரம் வெளியேறும்.

மறுபடி எடுக்க நேர்ந்தால் அதே மையம், அதே இயந்திரம், ஊசிக்குப் பின் அதே இடைவெளி என்று கேட்டு வாங்குங்கள். முதல் ஸ்கேனின் அச்சடித்த தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடு வேண்டும். புதிய படத்தைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் மருத்துவர் விரும்புவார். அந்த உறையின் மேல் அன்றைய சர்க்கரை அளவு, ஊசி போட்ட நேரம், படம் எடுத்த நேரம், அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீராய்டின் அளவு நான்கையும் பேனாவால் எழுதி வையுங்கள்.